எல்லாம் டன்னே அல்ல

நமது புலம்பெயர் எழுத்துக்களில் ஜேர்மனியக் காடு முழுவதும் 'ஊசியிலை மரம்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. தாவரவியல் கற்பித்த நானும் அப்படித்தான் எழுதிவந்தேன். கறுப்புக்காட்டில் கீழே கிடந்த கூம்பொன்றை எடுத்து, 'இது டன்னே' என்று மகளுக்குக் காட்டினேன். தவறு. ஜேர்மனியர் பலரும் விடும் தவறுதான். டன்னே என்னும் வெள்ளி ஃபிர் மரத்தின் கூம்பு கிளைமேல் நிமிர்ந்து நின்று, அங்கேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடும். முழுதாக விழுவது ஃபிஷ்டே என்னும் ஸ்புரூஸின் தொங்கும் கூம்பு. டன்னேயின் இலை தட்டையானது, குத்தாது. அடியில் இரண்டு வெண்கோடுகள். பட்டை சாம்பல் நிறம். 50 மீற்றரையும் தாண்டி வளரும்.

இது வெறும் பெயர்ப் பிரச்சினையல்ல. விரைவில் பலன் தருமென்று பல இடங்களில் ஃபிஷ்டேயை மட்டுமே நட்டார்கள். வேர் ஆழமில்லாத அது 1999 டிசெம்பர் லோதார் புயலில் பெருமளவில் சாய்ந்தது; 2018இல் தொடங்கிய வரட்சியில் பட்டைவண்டுக்கு இரையானது. ஆழ வேரோடும் டன்னே இவற்றைக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் அதன் கன்று பெருமரங்களின் நிழலில் பல பத்தாண்டுகள் காத்திருந்து, வெளிச்சம் கிடைத்த பின்பே எழும். வெட்டவெளியில் நட்டால் பின்பனி கருக்கும். எங்கு நட்டாலும் மான் கடிக்கும்.

இனி எதை நடுவது என்ற விவாதம் இங்கே நடக்கிறது. மரங்களைப் பெயர் பிரித்தறியாமல் அதில் நாம் என்ன பேசப்போகிறோம்?