அச்சுத் தகடும் அதன் மேற்பூச்சும்

குருசுக்குப்பத்தில் எங்கள் எதிர்வீட்டு அண்ணன் ஓர் ஆப்செட் அச்சகத்தில் மெஷின்மேன். ஒருநாள் இரவு முகம் வாடி வந்தார். மருந்துப் பெட்டிக்கான அட்டை ஐம்பதாயிரம் அடிக்க வேண்டிய வேலை. பாதி ஓடுவதற்குள் சிற்றெழுத்துகள் மறைந்துவிட்டனவாம். மருந்தின் அளவைச் சொல்லும் எழுத்துகள் அவை! வீணான அட்டைக்கு அவர் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். “மையை மாற்றினோம், தகட்டை மாற்றவில்லை” என்றார். வேதியியல் மாணவனான எனக்கு அது புதிராயிருந்தது.

பாரதியாரின் ‘இந்தியா’ 1908இல் புதுவையிலிருந்து வெளிவந்த காலத்தில் ஈய எழுத்துகளின் மேடு மையை ஏந்தியது. ஆப்செட்டில் மேடு பள்ளம் கிடையாது. எண்ணெயும் நீரும் கலவா என்பதை நம்பி, 1790களில் ஜெர்மனியில் செனெஃபெல்டர் சுண்ணாம்புக் கல்லில் கண்ட முறையின் வாரிசு அது. இன்று கல்லுக்குப் பதில் அலுமினியத் தகடு. அலுமினியம் நீரை ஏந்தும். மேலுள்ள மெல்லிய பிசின் பூச்சு மையை ஏந்தும்.

பாசிடிவ் தகட்டுப் பூச்சில் நோவலாக் என்னும் பீனால்-பார்மால்டிஹைடு பிசினும் நாப்தோகுவினோன் டைஅசைடும் இருக்கும். டைஅசைடு, பிசினைக் காரத்தில் எளிதில் கரையவிடாது. ஒளி பட்டால் அதுவே நைட்ரஜனை இழந்து அமிலமாகிவிடும். அந்த இடம் காரக் கரைசலில் கரைந்தோடும். மிஞ்சுவதே எழுத்து.

சாதாரண மையைக் கழுவும் மண்ணெண்ணெய் வகைத் திரவங்கள் நோவலாக்கை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் புற ஊதா ஒளியில் உலரும் மைக்குக் கிளைக்கால் ஈதர் கலந்த கழுவிகள் வேண்டும். அவையும் ஆல்கஹாலும் நோவலாக்கை இளக்கிவிடும். அண்ணன் தகட்டுக்கு நேர்ந்தது இதுதான்.

தகட்டை 230–250 டிகிரி செல்சியசில் சில நிமிடம் சுட்டால், பிசின் மூலக்கூறுகள் குறுக்கே பிணைந்து இறுகும். பல மடங்கு பிரதிகள் தாங்கும். சிறிய அச்சகத்துக்கு அந்த அடுப்புக்கும் மின்சாரத்துக்கும் எங்கே போவது?

பிசினையே மாற்றுவது இன்னொரு வழி. இங்கேதான் சங்கடம்: எதிலும் கரையாத பிசின் உதவாது. காரத்தில் கரைந்தால்தான் எழுத்து உருவாகும். கழுவியில் கரைந்தாலோ அழியும். எனவே அக்ரிலோநைட்ரைலையும் சல்போனமைடு தொகுதியையும் ஒரே சங்கிலியில் கோக்கிறார்கள். முன்னதின் நைட்ரைல் தொகுதிகள் ஒன்றையொன்று இறுக ஈர்ப்பதால் கரைப்பான் உள்ளே நுழையத் திணறும். பின்னது மென்மையான அமிலமாதலால் காரத்துக்கு மட்டும் இணங்கும். இரண்டையும் எந்த விகிதத்தில் சேர்ப்பது என்பதில்தான் கைத்திறன்.

இப்போதெல்லாம் அண்ணன் புது மை வந்தால் பழைய தகட்டின் மூலையில் ஒரு சொட்டுக் கழுவியை விட்டு, சற்றுப் பொறுத்து வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கிறார். துணியில் பூச்சின் நீலம் ஏறினால் மெஷினை ஓட்டுவதில்லை.