பெயரற்ற அடிச்சட்டமும் காலவாராய்ச்சியும்

ஆக்கியோன் பெயரும் காலமும் அறியப்படாத நூலொன்று கிடைக்குமாயின், ஆராய்வோர் முதலில் அகச்சான்றுகளை நோக்குவர். பின்னர் புறச்சான்றுகளைத் தேடுவர். மூலம் எது, இடைச்செருகல் எது எனப் பிரித்தறிந்த பின்னரே காலத்தைப் பற்றி வாய்திறப்பர். இம்முறை ஏட்டுச்சுவடிகளுக்கு மட்டும் உரியதன்று. இலக்கியத்தோடு எள்ளளவும் தொடர்பில்லாத ஒரு துறையிலும் இதுவே கையாளப்படுவதைக் கண்டு நான் வியந்ததுண்டு. ஐக்கிய அமெரிக்காவின் மண் ஓடுபாதைகளில் ஒரு காலத்தில் ஓடிய பந்தயக் கார்களின் துருவேறிய அடிச்சட்டங்களை, கராஜ்காரர் 'செசி' என்று வழங்குவதை, இனங்காணும் கலையே அது.

அமெரிக்க நாட்டுப்புறங்களில் விவசாயக் கண்காட்சிகள் நடைபெறும் திடல்களிலே, குதிரைப் பந்தயத்துக்கென அமைந்த அரை மைல், ஒரு மைல் மண்பாதைகள் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவற்றில் மோட்டார் வண்டிகளும் ஓடலாயின. அவ்வண்டிகளுட் பல சிறு பட்டறைகளிலும் வீட்டுக் கொட்டில்களிலும் ஓரிருவர் கைகளால் ஆக்கப்பட்டவை. தெருவில் ஓடாதவை ஆதலின் பதிவுப் பத்திரமும் அவற்றுக்கு இல்லை. உடைந்தால் ஒட்டினர், வளைந்தால் நிமிர்த்தினர், பந்தய விதி மாறினால் வெட்டி மாற்றினர், பயனற்றுப் போனதும் கொட்டிலின் பின்புறம் எறிந்தனர். பல்லாண்டுகளின் பின், இயந்திரமும் சக்கரமும் மேற்றகடும் இழந்த வெறும் எலும்புக்கூடாக அது கண்டெடுக்கப்படும்போது, இதைச் செய்தவர் யார், செய்த காலம் எது என்னும் வினாக்கள் எழுகின்றன.

முதற்படி அளத்தல். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைப்பட்ட தூரம் வண்டியின் இனத்தைக் காட்டும். அச்சுகள் கழன்று போயிருப்பினும், அவற்றைத் தாங்கிய பொருத்துகளைக் கொண்டு அதனைக் கணிக்கலாம். 1933இல் கலிபோர்னியாவில் வேரூன்றிய 'மிட்ஜெற்' என்னும் குறுவண்டிகளில் அத்தூரம் ஏறத்தாழ 66 முதல் 76 அங்குலம். 'ஸ்பிரின்ற்' வண்டிகளில் 84 அங்குலத்தை அண்டியது. ஒரு மைல் பாதைகளில் நூறு மைல் ஓடிய பெருவண்டிகளில் 96 அங்குலமளவில் அமைந்தது. ஒரு செய்யுள் வெண்பாவா விருத்தமா என அறிவதற்கு இது ஒப்பாகும். பாவினம் தெரிந்ததனால் மட்டும் புலவர் தெரிந்துவிடமாட்டார்.

அடுத்தது சட்டத்தின் உருக்கு. பழைய வண்டிகள் பலவற்றின் பக்கச் சட்டங்கள் சாதாரண கார்களிலிருந்து எடுக்கப்பட்டவை. தகட்டை அழுத்தி 'ப' வடிவில் வளைத்தவை. 1908 முதல் 1927 வரை வெளிவந்த போர்ட் 'ரி' மாதிரியும், அதன்பின் 1931 வரை வந்த 'ஏ' மாதிரியும் இவ்வகையிற் பெரிதும் பயன்பட்டன. அவற்றின் வளைவும் துளைகளும் இன்றும் ஒப்பிட்டுப் பார்க்கத்தக்கவை. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர், விமானத் தொழிலில் வழங்கிய குரோம்-மொலிப்தீனம் உருக்குக் குழாய்கள் படிப்படியாக அவ்விடத்தைப் பிடித்தன. எனினும், 1931ஆம் ஆண்டுக் காரின் சட்டத்தைக் கொண்டு 1946இலும் ஒரு பந்தய வண்டி கட்டியிருக்கலாம் அன்றோ? ஆதலால் ஒரு பாகத்தின் வயது, வண்டி அதற்கு முந்தியதன்று என்பதை மட்டுமே சொல்லும். அக்காலத்ததே என்று சொல்லாது.

அதுவும் உடன்பிறந்த பாகத்துக்கே பொருந்தும். பின்னச்சின் நடுவே, 'ஹலிபிராண்ட்' என்னும் பெயர் வார்ப்பிலேயே அமைந்த பற்சக்கரப் பெட்டியைக் கண்டதும் காலம் தெரிந்துவிட்டதென மகிழ்வோர் உளர். அது போருக்குப் பிந்திய பொருளே. ஆயினும் கழற்றிப் பூட்டத்தக்க ஒன்று. பழைய சுவடிக்குப் பின்னாளில் இட்ட மரச்சட்டம் போன்றது. வில்தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம், முறுக்குத் தண்டுகளை உட்கொள்ளும் குழாய், இயந்திரம் அமரும் தாங்கிகள் ஆகியவையே சான்றாக வல்லவை. அவையும் முதலிலேயே ஒட்டப்பட்டவையா என்பதை ஆராய வேண்டும்.

ஓர் அடிச்சட்டத்தை எண்ணிக்கொள்வோம். அதன் தாங்கிகள் 1955இல் அறிமுகமான ஷெவ்ரலே எட்டு உருளை இயந்திரத்துக்கு அமைவானவை. ஆனால் அவற்றின் அருகே வேறு தாங்கிகளை அராவி நீக்கிய தழும்புகள் உள்ளன. அத்தழும்புகளின் இடைவெளி ஒபன்ஹவுசர் நான்கு உருளை இயந்திரத்துக்குப் பொருந்துகின்றது. சாரதியின் முதுகுக்குப் பின்னே, வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைவு நிற்கின்றது. இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் 1959இல் கட்டாயமாக்கப்பட்டது இவ்வளைவு. மற்றைய மூட்டுகள் வாயுச் சுவாலையால் ஒட்டப்பட்டிருக்க, இது மட்டும் மின்வெல்டிங்கால் ஒட்டப்பட்டுள்ளது. எனவே வளைவும் ஷெவ்ரலே தாங்கிகளும் பிற்சேர்க்கைகள். சட்டம் 1959க்கு முன்னர் பிறந்தது என ஊகிப்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. 1955க்கும் முந்தியது என்பது அத்துணை வலிமையுடைய முடிபன்று. ஒபன்ஹவுசர் இயந்திரம் அதன் பின்னரும் பல்லாண்டு வழக்கில் இருந்தது.

ஆக்கியோனை அறிவது இதனினும் கடினம். கலிபோர்னியாவின் பிராங்க் கேர்ட்டிஸ், எடி கூஸ்மா, பென்சில்வேனியாவின் ஹைரம் ஹிலெகாஸ் முதலியோர் இத்துறையிற் பெயர்பெற்ற கம்மியர். 1952இல் டிரோய் ரட்மன் 22 வயதில் இண்டியானாபொலிஸ் பந்தயத்தை வென்றது கூஸ்மா கட்டிய மண்பாதை வண்டியிலேதான். கேர்ட்டிஸின் பட்டறை 500க்கும் மேற்பட்ட குறுவண்டிகளை முழுமையாகக் கட்டியதோடு, சுமார் 600 வண்டிகளுக்கான பாகங்களைத் தொகுதிகளாகவும் விற்றது. வடிவம் தந்தவர் ஒருவர். வாங்கி வீட்டிலே பொருத்தியவர் இன்னொருவர். புகழ்பெற்ற வண்டிகளைப் பார்த்து அவ்வாறே கட்டியோரும் பலர். ஆதலால் பொதுவடிவத்தை நம்பாது, குழாயின் நுனியை வெட்டிப் பொருத்திய விதம், மூலைத்தகட்டின் உருவம், பாரம் குறைக்க இட்ட துளைகளின் ஒழுங்கு என்பனவற்றைக் கையெழுத்தைப் போல ஒப்பிட வேண்டும். பழைய பந்தயப் புகைப்படமொன்றில் அதே தாங்கி அதே இடத்தில் காணப்படுமாயின், அது தக்க புறச்சான்றாகும்.

பெரும்பெயர் ஒட்டிக்கொண்டால் துருப்பிடித்த இரும்புக்கும் விலை ஏறும். ஆதலால் ஐயத்துக்குரியது உறுதியானதாகச் சொல்லப்படுகின்றது. பொருந்தாத பாகம் வெட்டி நீக்கப்படுகின்றது. தழும்புகள் அராவி மறைக்கப்படுகின்றன. இதனை வெறும் வியாபாரத் தந்திரமென்று என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. பெயர்பெற்றவர்மீது அவர் செய்யாத வேலை சுமத்தப்படுகின்றது. பெயரறியாத கம்மியன் ஒருவனது, ஒருவேளை எஞ்சியுள்ள ஒரே படைப்பு, அவனிடமிருந்து பறிக்கப்படுகின்றது.

இழப்பு அதனோடும் நிற்பதில்லை. பென்சில்வேனியாவின் லாங்ஹோர்ன் ஓடுபாதை 1926 முதல் 1971 வரை வழங்கியது. ஒரு மைல் சுற்றளவுடைய அவ்வட்டத்தில் சாரதிகள் பலர் உயிரிழந்தனர். பாதை மறைந்து அவ்விடத்தில் கடைத்தொகுதி எழுந்தது. இத்தகைய பாதைகளில் ஓடிய வண்டிகளின் நிமிர்த்திய வளைவும், முறிவின்மேல் ஒட்டிய தகடும், அங்கு மோதி விழுந்த மனிதரின் வரலாற்றுக்குச் சான்றுகள். அழகுபடுத்தும் ஆர்வத்தில் அவற்றை நீக்குவோர் அச்சான்றுகளையே அழிக்கின்றனர்.

ஆகவே அடிச்சட்டத்தைத் தொடுமுன் படம்பிடித்தலும், ஒவ்வொரு தழும்பையும் அளந்து எழுதுதலும் வேண்டும். சான்றுகள் அதற்குமேல் இடந்தரவில்லையெனின், 'ஆக்கியோன் பெயர் தெரியவில்லை. 1959க்கு முன்னர் கட்டப்பட்டது. பின்னர் திருத்தப்பட்டது' என்று குறித்து நிறுத்துவதே முறை. விலை குறையலாம், வரலாறு பிழைக்கும்.