காலனி என்ற ஒரே சொல்

சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். வேளச்சேரி ஏ.ஜி.எஸ். காலனி, திருவான்மியூர் எல்.ஐ.சி. காலனி என்றால் வாடகை கூடுதலாகத்தான் கேட்பார்கள். அங்கே குடியிருப்பது கௌரவம். நம் மாவட்டத்தில் அதே சொல்லை முகவரியில் எழுதினால், எழுதியவரின் சாதியை எழுதியதாக அர்த்தம். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். நடுவில் ஒரு ரோடோ ஓடையோ இருக்கும்.

2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்றோம். ஆனால் ஏற்கெனவே அச்சாகிப் பையில் இருக்கும் ஆதார் அட்டையில் அந்தச் சொல் அப்படியேதான் இருக்கிறது. கிளாம்பாக்கத்தில் பேருந்தை விட்டு இறங்கும் நம் பிள்ளைகளோடு அதுவும் சேர்ந்தே இறங்குகிறது.

நமக்கு உறவுமுறையில் ஒரு பையன். பொறியியல் முடித்து, பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை. இரண்டு வருடம் நண்பர்களோடு அறையில் தங்கியிருந்தான். இப்போது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. மாதம் இருமுறை சென்னைக்கு வந்து மருத்துவம் பார்க்க வேண்டும். அம்மாவைக் கூட வைத்துக்கொள்ள ஒரு சின்ன வீடு போதும் என்று தேடினான். நாமும் உடன் போனோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழு வீடுகள்.

எந்த வீட்டிலும் 'நீங்க என்ன சாதி?' என்று யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது நாகரிகம் இல்லை என்று நகரத்துக்குத் தெரியும். 'தம்பி எந்த ஊரு?', 'ஊர்ல எந்தத் தெரு?', 'குலதெய்வம் எதுப்பா?', 'நான்வெஜ் சமைப்பீங்களா? என்னென்ன சாப்பிடுவீங்க?' இவைதான் கேள்விகள். ஒரு வீட்டில் எல்லாம் பேசி முடிந்து, அட்வான்ஸ் கொடுக்கும் நேரத்தில், போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும் என்று ஆதார் நகல் கேட்டார்கள். அந்த அம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். மறுநாள் காலையில் போன் வந்தது. 'எங்க பொண்ணே குடிவர்றாளாம், தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி.' அந்த வீட்டு வாசலில் 'டு-லெட்' பலகை அடுத்த வாரமும் தொங்கியது.

பையன் கேட்டான்: 'மாமா, ஆதார்ல அட்ரஸை மாத்திடட்டுமா?' மாற்றலாம். ஆனால் சென்னை முகவரிக்கு மாற்ற வேண்டுமென்றால் சென்னையில் வீட்டு வாடகை ஒப்பந்தம் போன்ற ஒரு முகவரிச் சான்று வேண்டும். ஒப்பந்தம் வேண்டுமென்றால் முதலில் வீடு வேண்டும். வீடு கேட்டால் பழைய முகவரி வேண்டும்.

நாம் முதுகலைத் தமிழ் படிக்கச் சென்னைக்கு வந்தபோது சைதாப்பேட்டை எம்.சி.ராஜா விடுதியில் தங்கினோம். அங்கே யாரும் யாரையும் எந்தத் தெரு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. விடுதியை விட்டு வெளியே வந்த பிறகுதான் நகரம் கேள்வி கேட்கத் தொடங்கியது. கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போங்கள் என்ற அண்ணல் அம்பேத்கரின் வழிகாட்டுதலில்தான் நம் இரண்டு தலைமுறை பேருந்து ஏறியது. அவருக்கே நகரம் என்ன செய்தது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. கொலம்பியாவில் படித்துத் திரும்பி, 1917இல் பரோடா அரசில் வேலைக்குச் சேரப் போனபோது அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். நண்பர்கள் வீட்டிலும் இடமில்லை. ரயிலேறி பம்பாய் திரும்பினார்.

இதன் மறுபக்கம் கண்ணகி நகர். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் வாழ்ந்த குடும்பங்களை 2000ஆம் ஆண்டிலிருந்து அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2015 பெருவெள்ளத்துக்குப் பிறகு இன்னும் பல குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குப் போயின. இவர்களில் பெரும்பகுதி நம் மக்கள். அங்கே வளர்ந்த பிள்ளைகள் வேலைக்கு விண்ணப்பித்தால், 'கண்ணகி நகரா?' என்று ஒரு நொடி நிறுத்துகிறார்கள். கிராமத்தில் காலனி செய்த வேலையை நகரத்தில் இந்தப் பெயர்கள் செய்கின்றன. சொல்லை மட்டும் நீக்கினால் அடுத்த சொல் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1955ஆம் ஆண்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, தீண்டாமையைக் காரணமாக வைத்து ஒருவர் எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதை, வாங்குவதை, குடியிருப்பதைத் தடுத்தால் குற்றம் என்கிறது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையால்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12ஆவது பிரிவு. அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்புக்கு. இவ்வளவு வலுவான சட்டம் கையில் இருந்தும், வீடு மறுத்ததற்காக வழக்குப் போட நம்மில் யாரும் போவதில்லை. காரணம் எளிது. 'பொண்ணு குடிவர்றா' என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு எந்த ஸ்டேஷனுக்குப் போவது? வழக்கு நடத்தினால் இன்றிரவு அம்மாவைப் படுக்க வைக்க இடம் கிடைக்குமா?

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிய வேண்டும் என்கிறது. எல்லாம் ஒப்பந்தத்துக்குப் பிறகான விஷயங்கள். வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுபவரைப் பற்றி அதில் பேச்சில்லை. சாதி, மதம், உணவு காரணமாக வீடு மறுக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கக் கேட்க வேண்டும். பழைய முகவரி உள்ள ஆதாரைக் கட்டணமின்றித் திருத்தித் தர ஒவ்வொரு காலனியிலும் முகாம் நடத்தக் கேட்க வேண்டும். அதுவரை, மறுக்கப்பட்ட நாள், இடம், சொன்ன வார்த்தை, போன் பதிவு எல்லாவற்றையும் நம் பிள்ளைகள் குறித்து வைக்கட்டும். ஒருவர் சொன்னால் மனத்தாங்கல் என்பார்கள். நூறு பேருடையதைச் சேர்த்து வைத்தால் அது மனு.

அந்தப் பையனுக்கு எட்டாவதாக மேடவாக்கம் பக்கம் ஒரு வீடு கிடைத்துவிட்டது. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். அவர் கேட்டது இரண்டே கேள்விகள்: 'வாடகை அஞ்சாம் தேதிக்குள்ள வந்துருமா? அம்மாவால மாடிப்படி ஏற முடியுமா?' இந்தப் பத்தியைப் படிக்கிற, வீட்டை வாடகைக்கு விடுகிற ஒவ்வொருவரிடமும் நாம் கேட்டுக்கொள்வது, அந்த இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதுதான்.