வின்சுலோ அகராதியும் ஒரு குடிபெயர்ச்சியும்

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைப் புரட்டுவோர் சொற்பொருளின் இறுதியில் டபிள்யூ என்னும் ஆங்கில எழுத்துக் குறி நிற்பதைப் பலகால் கண்டிருப்பர். இச்சொல்லுக்கு அல்லது இப்பொருளுக்கு வின்சுலோ அகராதியே சான்று என்பது அக்குறியின் கருத்து. நூலாட்சி காட்டப்பெறாத சொற்கள் பலவற்றிற்கு இவ்வோர் எழுத்தே துணையாய் நிற்கின்றது. ஆராய்ச்சி மாணவர் பலர், இக்குறி பெற்ற சொற்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னை வழக்கு என்றே கொண்டு மேற்செல்கின்றனர். அவ்வகராதி 1862-இல் சென்னையில் அச்சாயிற்று என்பது அவர்கள் காட்டும் காரணம். அச்சான ஊர் சொல் பிறந்த ஊர் ஆகாது. அகராதி சென்னைக்கு வந்த வரலாறு, அதனைத் தொகுத்தோர் குடும்பத்தோடு சென்னைக்குக் குடிபெயர்ந்த வரலாறேயாம். அதனை அறியாதார் இக்குறியைச் சரிவரப் படித்தல் அரிது என்று கருதுகின்றோம். ஆதலின், 1836-இல் யாழ்ப்பாணத்தினின்றும் சென்னைக்கு வந்த அமெரிக்கச் சமயத்தொண்டர் குடும்பங்களைப் பற்றி ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1819-ஆம் ஆண்டு சூன் திங்களில் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து இண்டசு என்னும் கப்பல் புறப்பட்டது. அதில் மைரன் வின்சுலோ, லீவை ஸ்பால்டிங், என்றி உட்வர்டு ஆகிய மூன்று குருமாரும், மருத்துவராகிய ஜான் ஸ்கடரும் தத்தம் மனைவியரோடு வந்தனர். வின்சுலோவின் மனைவியார் பெயரும் ஸ்கடரின் மனைவியார் பெயரும் ஹாரியட் என்பதே. இதனாற் பிற்காலக் குறிப்புகளில் சில மயக்கங்கள் நேர்ந்துள்ளன. ஸ்கடர் இணையர் தம்முடன் கொணர்ந்த பெண் குழந்தை கல்கத்தாவில் இறந்தது. புறப்பட்ட அவ்வாண்டிலேயே ஸ்கடர் இணையர் யாழ்ப்பாணம் சேர்ந்தனர். அடுத்த ஆண்டில் ஸ்கடர் குடும்பம் பண்டத்தரிப்பிலும் வின்சுலோ குடும்பம் உடுவிலிலும் குடியமர்ந்தன.

உடுவிலில் ஹாரியட் வின்சுலோ அம்மையார் 1824-இல் தொடங்கிய பெண்கள் விடுதிப்பள்ளி ஈழத்துக் கல்வி வரலாற்றில் பெரிதும் பேசப்பெறுவது. பெண் எழுத்தறிதல் தகாது என்னும் எண்ணம் ஊரில் வேரூன்றியிருந்த காலத்து அது தோன்றியது. அம்மையார் 1833-இல் உடுவிலிலேயே காலமானார். அவர்தம் கடிதங்களைத் தொகுத்துக் கணவர் 1835-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு, சமய நூலாக மட்டுமே இதுவரை படிக்கப்பெற்று வந்துள்ளது. அயல்நாட்டார் ஒரு குடும்பம் தமிழ்ச் சிற்றூரில் எங்ஙனம் மொழி கற்றது என்பதனை அறிய விழைவார்க்கும் அது பயன்படும்.

இவர்கள் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கியது ஏன் என்னும் வினாவிற்கு, ஊழியத்தை விரிவாக்கும் ஆர்வம் என்று மட்டும் விடை கூறுதல் போதாது. அரசியற் காரணம் ஒன்று உண்டு. அமெரிக்க மிஷன் 1820-இல் காரட் என்னும் அச்சுத்தொழிலாளரை யாழ்ப்பாணத்திற்கு வருவித்தது. அப்பொழுது இலங்கையை ஆண்ட பார்ன்சு, அமெரிக்கர் இனி இங்கு வருதல் வேண்டா என்று கூறி அவரை வெளியேறப் பணித்தார். பிரவுன்றிக் காட்டிய இணக்கம் அவர்க்குப் பின்வந்தோரிடத்தில் இல்லாமற் போயிற்று. ஆள்பலமும் அச்சுரிமையும் இன்றி ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் அம்மிஷன் காலங்கழித்தது. 1834-இல் மைனர் என்பார் வந்த பின்னரே மானிப்பாயில் அவர்தம் அச்சகம் செம்மையுற நடந்தது. வங்கக்கரையிலோ கிழக்கிந்தியக் கும்பினியாரின் தடை இருந்தது. 1812-இல் கல்கத்தாவில் வந்திறங்கிய முதல் அமெரிக்கத் தொண்டர்களையே கும்பினியார் தங்கவிடவில்லை. 1833-ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் அத்தடையைத் தளர்த்தியது. மறு ஆண்டே யாழ்ப்பாணத்தினின்றும் மதுரைக்கு ஆட்கள் சென்றனர். 1836-இல் வின்சுலோவும் ஸ்கடரும் சென்னைக்குப் பெயர்ந்தனர். பெரிய அச்சகம் ஒன்றனைத் தமிழ்நாட்டின் தலைநகரில் நிறுவுதல் இப்பெயர்ச்சியின் நோக்கங்களுள் தலையாயது.

சென்னையில் ஸ்கடர் குடும்பம் சிந்தாதிரிப்பேட்டையிலும் வின்சுலோ குடும்பம் இராயபுரத்திலும் தங்கின. முன்னையது கும்பினியார் 1734-இல் நெசவாளரைக் குடியேற்றி அமைத்த பேட்டை. பின்னையது கடற்கரையைச் சார்ந்த ஊர். இரண்டும் பலமொழி வழங்கும் நகரின் பகுதிகள். பனந்தோப்புகளுக்கிடையே தமிழ் ஒன்றே கேட்டு வாழ்ந்த பதினாறாண்டு வாழ்க்கைக்குப் பின், தெலுங்கும் இந்துத்தானியும் ஆங்கிலமும் கலந்தொலிக்கும் தெருக்களில் இவர்கள் தமிழ் பேசத் தொடங்கினர். இம்மாற்றம் சிறிதன்று.

இங்குப் பெண்டிரைப் பற்றி ஒரு சொல் கூறாது மேற்செல்லுதல் முறையன்று. மிஷன் அறிக்கைகளில் இவர்கள் பெரும்பாலும் கணவர் பெயருக்கு அருகில் ‘திருமதி’ என்ற அளவிலேயே நிற்கின்றனர். ஆயினும் இடம்பெயர்தல் என்பது வீடு ஒன்றனைக் குலைத்து மற்றோரிடத்தில் கட்டுதலாகும். அச்சுமை இவர்கள் மேலதே. வின்சுலோ இரண்டாம் முறையாக மணந்த காத்தரின் அம்மையார் சென்னைக்கு வந்த மறு ஆண்டே, 1837-இல், மறைந்தார். பின்னும் இருமுறை அவர் துணையை இழந்தார். ஹாரியட் ஸ்கடர் அம்மையார் 1849-இல் சென்னையில் உயிர்நீத்தார். அவர் வளர்த்த ஆண்மக்கள் எழுவரும் தென்னிந்தியாவில் தொண்டாற்றினர். அவருள் மூத்தவர் பண்டத்தரிப்பிற் பிறந்த என்றி மார்ட்டின் ஸ்கடர். அவரும் அவர் மனைவியார் பேனி அம்மையாரும் 1844-இல் சென்னைக்கு வந்தனர். பின்னர் 1850-ஐ ஒட்டி ஆர்க்காட்டுப் பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். சென்னையிலிருந்து அத்திசை நோக்கிய பெருவழி பூவிருந்தவல்லி வழியே சென்றது. அம்பத்தூர், ஆவடி வழியாக இராயபுரத்தையும் வாலாசாவையும் இணைத்த இருப்புப்பாதை 1856-இலேதான் திறக்கப்பெற்றது. தந்தையும் தாயும் கடல்வழி வந்த பெயர்ச்சியை மகனும் மருமகளும் தரைவழி தொடர்ந்தனர் எனலாம். 1853-இல் உருவான ஆர்க்காட்டு மிஷனும், பிற்காலத்து இடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் நிறுவிய மருத்துவமனையும் அதன் கிளைகள். அவ்வரலாறு வேறு, பிறர் விரிவாக எழுதியுளர்.

இனி அகராதிக்கு வருவாம். இதன் விதை சென்னையில் ஊன்றப்பட்டதன்று. நல்லூரில் இருந்த ஆங்கிலத் திருச்சபைச் சங்கத்துத் தொண்டர் யோசேப்பு நைட்டு என்பார், தமிழுக்குத் தமிழும் தமிழுக்கு ஆங்கிலமும் ஆங்கிலத்திற்குத் தமிழுமாக அகராதிகள் செய்யக் கருதிச் சொற்களைத் தொகுப்பித்தார். யாழ்ப்பாணப் புலவர் பலர் அப்பணியில் உழைத்தனர். தமிழ் அகராதிப் பகுதி 1842-இல் சந்திரசேகர பண்டிதர் உழைப்பாலும் ஸ்பால்டிங்கு முயற்சியாலும் வெளிவந்தது. மானிப்பாய் அகராதி என்றும் யாழ்ப்பாண அகராதி என்றும் வழங்கும் அந்நூல் ஏறத்தாழ 58,500 சொற்களைக் கொண்டது. தமிழ்–ஆங்கிலப் பகுதிக்கு உரிய தொகுப்பு வின்சுலோவின் பொறுப்பாயிற்று. ஆகவே 1836-இல் கடல் கடந்தவை குடும்பங்கள் மட்டும் அல்ல. யாழ்ப்பாணத்தாரின் சொற்செல்வமும் உடன் கடந்தது.

ஈண்டு ஓர் ஒப்புமை கருதத்தக்கது. தமிழ்–ஆங்கில அகராதி செய்த ஐரோப்பியருள் பபிரிசியசு தரங்கம்பாடியினின்றும் 1742-இல் சென்னைக்கு வந்தவர். அவர்தம் அகராதி 1779-இல் வெளியாயிற்று. ராட்லரும் தரங்கம்பாடியினின்றே சென்னைக்கு வந்தவர். அவர் தம் அகராதியின் அச்சு முற்றுப்பெறுமுன், 1836-இல், வேப்பேரியில் இறந்தார். வின்சுலோ சென்னைக்கு வந்ததும் அவ்வாண்டே. மூவரும் வேறோரிடத்தில் தமிழ் கற்றுச் சென்னையில் அகராதி முடித்தவர்கள். சென்னை அகராதி பிறந்த இடமாக இருந்ததினும் அகராதி முடிந்த இடமாகவே இருந்தது எனலாம்.

முடிவதற்கு வேண்டிய இரண்டு இங்கு இருந்தன: புலவர் கூட்டமும் அச்சும். இராமாநுச கவிராயர் அப்பொழுது சென்னையில் ஆசிரியராய் விளங்கினார். துரூ 1840-இல் வெளியிட்ட திருக்குறட் பதிப்பிற்கு உரை உதவியவரும் போப்பையருக்குத் தமிழ் உணர்த்தியவரும் அவரே. அவரும் விசாகப் பெருமாளையரும் வின்சுலோவிற்குத் துணைபுரிந்தனர். யாழ்ப்பாணத்து விசுவநாத பிள்ளையும் இப்பணியிற் பங்குகொண்டார். அச்சைப் பொறுத்தவரை, திருச்சபைச் சங்கத்தின் அச்சகத்தை அமெரிக்கர் 1838-இல் விலைகொண்டனர். அதனைப் பின் பொறுப்பேற்ற பினியாசு ஹண்டு சிறிய வடிவிலான தமிழ் எழுத்துகளைத் திருத்தமுறச் செய்வித்தார். அத்தகைய எழுத்துகள் இல்லையேல் 67,452 சொற்கள் ஒரே தொகுதியில் அடங்கியிரா. (அச்சுக்கலை வரலாறு எழுதுவோர் ஹண்டுக்கு இன்னும் உரிய இடம் தரவில்லை என்பது எம் கருத்து. அவரும் மனைவியாரும் பின்னர்ப் பீகிங் நகருக்குப் பெயர்ந்து, 1868 முதல் அங்கும் அச்சுப்பணியே செய்தனர்.)

வின்சுலோ வடசொற்களுக்கு உடுக்குறி இட்டு, வில்சனின் சமற்கிருத அகராதிப் பக்கத்தையும் சுட்டினார். செய்யுள் வழக்கை வேறு பிரித்தார். ராட்லரிடமிருந்து கொண்டவற்றை அவர் பெயர்க்குறியால் ஒப்பினார். இவ்வளவு நேர்மையுடையார், வட்டார வழக்கு என்னும் குறியையும் பயன்படுத்தினார்; ஆனால் எவ்வட்டாரம் என்று கூறாது விட்டார். உடுவிலிலும் இராயபுரத்திலும் வாழ்ந்த ஒருவர்க்கு எது நடு, எது வட்டாரம்? ஒடியல், பனாட்டு முதலான பனைபடு பொருட்சொற்களைக் காணும்போது இவ்வினா கூர்மையாக எழுகின்றது. அவை யாழ்ப்பாணத்து வீடுகளில் நாடோறும் வழங்குவன. அங்கிருந்து நோக்கின் பொதுச்சொல். சென்னையிலிருந்து நோக்கின் வட்டாரச்சொல். அகராதியாசிரியர் ஓர் ஊரிற் கேட்ட சொல்லுக்கு மற்றோர் ஊரில் அமர்ந்து குறியிட்டார். அதனாலேயே அக்குறியை அவர் பெயர்ச்சியின் சுவடாகக் கொள்ளுகின்றோம். அது மொழியின் இயல்பான பிரிவைக் காட்டுவதாகக் கொள்ளுதல் பொருந்தாது.

தமிழ் லெக்சிகன் தொகுப்பாளர் இதனை ஓரளவு உணர்ந்தனர். யாழ்ப்பாண வழக்கிற்கெனத் தனிக்குறி ஒன்று வகுத்தனர். வின்சுலோ அகராதியைத் திருத்தி விரித்தல் என்னும் கருத்திலிருந்தே அப்பணி எழுந்தது. 1913 முதல் அதன் முதற் பதிப்பாசிரியராய் இருந்தவர் மதுரை அமெரிக்க மிஷனைச் சார்ந்த சாண்ட்லர். அவர்தம் முழுப்பெயர் ஜான் ஸ்கடர் சாண்ட்லர் என்பது அக்குடும்பங்களின் தொடர்பை நினைவூட்டும். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அப்பேரகராதி 1,04,405 சொற்களைக் கொண்டது. எனினும் யாழ்ப்பாணக் குறி எல்லா இடத்தும் இடப்பெறவில்லை. வின்சுலோ வட்டாரம் என்று குறித்தவை சில அக்குறி பெற்றும், சில பொதுவாக ‘உள்ளூர் வழக்கு’ என்றும், சில எக்குறியும் இன்றியும் நிற்கின்றன.

இவற்றைப் பிரித்தறியும் வழி எளிதே, உழைப்பே வேண்டுவது. 1842-ஆம் ஆண்டு மானிப்பாய் அகராதியை ஒருபுறமும், ராட்லர் அகராதியை மறுபுறமும் வைத்து வின்சுலோவின் ஒவ்வொரு வட்டாரச் சொல்லையும் நோக்குதல் வேண்டும். மானிப்பாயில் இருந்து ராட்லரில் இல்லாதன யாழ்ப்பாணத் தொகுப்பின் வழி வந்திருத்தல் கூடும். ராட்லரில் மட்டும் உள்ளன தஞ்சை, சென்னைக் கரை வழக்கிற்கு உரியனவாகலாம். இரண்டிலும் இல்லாதனவே வின்சுலோவும் அவர்தம் சென்னைப் புலவரும் புதியனவாகச் சேர்த்தவை. இம்மூன்றாம் பகுதிக்கே பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னைத் தமிழின் சான்று என்னும் பெயர் ஓரளவு பொருந்தும். பின்னும் அதற்குள் இருபதாண்டுச் சென்னை வாழ்விற் கேட்டவை எவை, யாழ்ப்பாண நினைவிலிருந்து எழுதியவை எவை என்று பார்த்தல் எஞ்சும்.

ஸ்கடர் 1855-இல் நன்னம்பிக்கை முனைப் பகுதியில் இறந்தார். அகராதி வெளிவந்த இரண்டாண்டில், 1864-இல், தாயகம் நோக்கிச் சென்ற வின்சுலோவும் அம்முனையிலேயே உயிர்நீத்தார்.