நச்சாடையைச் சுமந்து வந்தவன்

பழைய கதை ஒன்றைத் தம் சொல்லில் மீண்டும் சொல்ல முற்படும் மாணவர், தம்மைப் போன்ற பிற மாணவர்கள் முன்னரே சொல்லி இணையத்தில் வைத்திருக்கும் கதைகளைப் படித்து அவற்றிலிருந்து தூண்டுதல் பெறலாமா என்னும் ஐயம் ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் எழுவதுண்டு. அதைப் பார்த்து எழுதுதல் என்று கருதி விலக்குவோரும் உளர். தமிழ் இலக்கண மரபோ இந்த ஐயத்துக்கு நெடுங்காலம் முன்பே விடை கண்டிருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாகப் பகுத்து, முன்னோர் நூலின் முடிபைப் பின்பற்றிக்கொண்டே பின்வருபவர் தாம் வேண்டும் வேறுபாட்டையும் சேர்த்துச் செய்வதை வழிநூல் என்கிறது. அந்த வேறுபாட்டுக்கு அது தரும் பெயர் விகற்பம். நூலின் முகப்பில் அமையும் பாயிரத்தில் சொல்லவேண்டிய எட்டுச் செய்திகளுள், அந்நூல் எதன் வழியில் வந்தது என்பதும் ஒன்று. ஆகவே பிறர் சொன்னதிலிருந்து தொடங்குவதில் குறையில்லை. தொடங்கிய இடத்தை மறைப்பதும், அங்கேயே நின்றுவிடுவதுமே குறை.

அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் லாரா கிப்ஸ் என்னும் ஆசிரியர் இணையவழியே நடத்திவந்த இரு படிப்புகள் இந்த நெறிக்கு மிக அருகில் வருகின்றன. ஒன்று தொன்மங்களும் நாட்டார் கதைகளும் பற்றியது. தொன்மம் என்பது கடவுளர், வீரர், உலகத் தோற்றம் ஆகியவை பற்றி ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. மற்றொன்று இந்திய இதிகாசங்கள் பற்றியது. இவற்றில் சேர்ந்த மாணவர்கள் ஒரு கருவைத் தேர்ந்து, அதற்கோர் அறிமுகமும் சில மறுகூறல் கதைகளும் எழுதி, இணையத்தில் ஒரு சிறு கதைப்புத்தகமாக அமைத்தார்கள். ஒவ்வொரு கதையின் அடியிலும் மூலக்கதை எது, அதில் தாம் மாற்றியது என்ன, ஏன் மாற்றினோம் என்று விளக்கும் ஆசிரியர் குறிப்பு ஒன்றும் இடம்பெற்றது. முந்தைய மாணவர்களின் கதைப்புத்தகங்கள் அழிக்கப்படாமல் காக்கப்பட்டதால், புதிதாக வருபவர்கள் அவற்றைப் படித்துவிட்டுத் தமக்குரியதைத் தொடங்க முடிந்தது.

கம்பரும் வால்மீகியும் இருக்கும்போது சக மாணவரின் எழுத்தை எதற்காகப் படிக்க வேண்டும் என்று கேட்கலாம். பெருங்கவிஞரின் படைப்பில் எல்லாம் முடிந்த நிலையில் இருப்பதால், அவர் எதைக் கைவிட்டு எதை எடுத்தார் என்பது கற்பவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறியில் ஓடிக்கொண்டிருக்கும் துணியில் பாவும் ஊடையும் தனித்தனியே தெரிவதைப் போல, சக மாணவரின் கதையில் அவர் எடுத்த முடிவுகள் வெளிப்படையாகத் தெரிகின்றன: யார் வாயிலாகக் கதையைச் சொன்னார், எங்கே தொடங்கினார், எதைச் சொல்லாமல் விட்டார், எங்கே தடுமாறினார் என்பவை. கற்பவர் கொள்ளத்தக்கது இந்த முடிவெடுக்கும் முறையே.

இது செயலில் எவ்வாறு அமையும் என்பதைத் தேவதானத்தை வைத்தே காட்டலாம். இராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் வழியில் சேத்தூரை அடுத்துள்ள இவ்வூர், தென்பாண்டி நாட்டின் பஞ்சபூதத் தலங்கள், அதாவது ஐம்பூதங்களுக்கு உரியனவாகக் கொள்ளப்படும் ஐந்து சிவத்தலங்களுள் ஆகாயத் தலமாகப் போற்றப்படுவது. சங்கரன்கோவில் மண்ணுக்கும், தாருகாபுரம் நீருக்கும், கரிவலம்வந்தநல்லூர் நெருப்புக்கும், தென்மலை காற்றுக்கும் உரியன. தேவதானத்து அம்மன் தவம்பெற்ற நாயகி. இறைவன் நச்சாடை தவிர்த்த லிங்கேஸ்வரர். பாண்டியன்மீது பகைகொண்ட சோழன், நஞ்சு தோய்ந்த ஆடையொன்றைப் பரிசுபோல அவனுக்கு அனுப்ப, அந்த நச்சாடையால் விளையவிருந்த தீங்கை இறைவன் தவிர்த்துப் பாண்டியனைக் காத்தான் என்பது இத்திருப்பெயரை விளக்கும் தலக்கதை.

நஞ்சு ஆடையாக வரும் இந்தக் கரு உலகின் வேறு மூலைகளிலும் உண்டு. கிரேக்க நாடகாசிரியர் சோபோக்கிளிஸின் நாடகமொன்றில், கணவன் ஹெராக்கிளிஸின் அன்பை மீட்கும் மருந்தென்று நம்பி, டெயனைரா ஓர் ஆடையில் நெஸ்ஸஸ் என்பவனின் குருதியைப் பூசி அனுப்புகிறாள்; அது நஞ்சாகி அவனை எரிக்கிறது. அதை ஒன்றும் அறியாமல் கொண்டுவந்த லிக்காஸ் என்னும் ஏவலன், வேதனையில் வெறிகொண்ட ஹெராக்கிளிஸால் கடற்பாறையில் மோதும்படி வீசப்பட்டு இறக்கிறான். கி.மு. 431இல் அரங்கேறிய யூரிப்பிடிஸின் ‘மீடியா’ நாடகத்திலோ, நஞ்சூட்டிய ஆடையை மணப்பெண்ணிடம் சுமந்து செல்பவர்கள் மீடியாவின் சொந்தக் குழந்தைகள்.

இந்தக் கிரேக்கக் கதைகளுள் ஒன்றை எங்கோ ஒரு மாணவர் லிக்காஸின் வாய்மொழியாகச் சொல்லியிருந்தால், அதைப் படிக்கும் இராஜபாளையத்து மாணவர் லிக்காஸைத் தேவதானத்துக்கு இழுத்துவர வேண்டியதில்லை. சோழ நாட்டிலிருந்து பாண்டி நாடுவரை அந்த ஆடையைச் சுமந்து வந்தவன் யார், தான் சுமந்தது இன்னதென்று அவன் அறிந்திருந்தானா என்ற கேள்வி அவருக்கு எழுந்தாலே போதும். இரு வேந்தரும் இறைவனும் நிற்கும் கதையில் நாலாவதாக ஒரு மனிதனுக்கு இடம் கிடைக்கிறது. கிரேக்கக் கதைகளில் நஞ்சு தன் வேலையை முடித்துவிடுகிறது. தேவதானத்தில் அது தடுக்கப்படுகிறது. ஆகவே அறியாமல் சுமந்தவனுக்கும் இங்கே மீட்சி உண்டா என்பது, கிரேக்கக் கதையின் மறுகூறலைப் படித்ததனாலேயே கூர்மைபெறும் தேவதானத்துக் கேள்வியாகிறது.

ஒருவர் நின்ற இடத்திலிருந்து ஓரடி நகர்ந்து நின்று பாடும் இம்முறைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரைவிடச் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை. அவ்வூர்ப் பெரியாழ்வார் தம் பாசுரங்களில் யசோதையாக நின்று கண்ணனை வளர்க்கிறார். குழந்தையின் குறும்பு பற்றிய முறையீடுகள் தாயிடம் வந்து சேர்கின்றன. அதே ஆயர்பாடியை எடுத்துக்கொண்ட அவர் மகள் ஆண்டாள், தாயின் இடத்தை விட்டு ஆய்ச்சிறுமியர் நடுவே போய் நிற்கிறார். நாச்சியார் திருமொழியில், மணலில் சிற்றில் கட்டும் சிறுமியர் தம் சிற்றிலைச் சிதைக்க வேண்டாம் என்று அவனிடமே நேரில் சொல்கின்றனர். கண்ணனும் அவன் குறும்பும் தந்தையிடமிருந்து பெற்றவை. முறையீட்டின் திசை மகளுடையது. பின்னர் 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர், தந்தை மகள் இருவரையுமே கதைமாந்தராக்கித் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யதா’வை இயற்றியபோது, வில்லிபுத்தூர் மக்களின் அன்றாட வாழ்வையும் பருவங்களையும் விரிவாகப் பாடி, பக்திக் கதைக்குள் ஒரு முழு ஊரையே குடியேற்றினார்.

தலக்கதையைக் கையாளும்போது ஆசிரியர் குறிப்பு கூடுதல் பொறுப்புடையதாகிறது. கிரேக்கக் கடவுளர் பெரும்பாலும் ஏடுகளில் வாழ, தேவதானத்திலோ அன்றாடம் பூசை நடக்கிறது. கோயிலில் வழங்கும் கதையையும் மாணவரின் கற்பனையையும் பிரித்துக் காட்டாமல் வெளியிட்டால், சில ஆண்டுகளில் கற்பனையே தலவரலாறாகப் பரவிவிடக்கூடும். எனவே தலக்கதை எந்த ஏட்டில் படித்தது அல்லது யார் சொல்லக் கேட்டது, அங்கே சொல்லப்படும் கதை எதுவரை, சுமந்து வந்தவனின் எண்ணவோட்டம் எங்கே தொடங்குகிறது, எந்த மாணவரின் லிக்காஸ் அதற்குத் தூண்டுதலாக அமைந்தான் என்பன கதையின் அடியில் எழுதப்பட வேண்டும். அடுத்து எழுத வரும் மாணவர் முதலில் படிப்பதும் அந்தப் பகுதியாகவே இருக்கும்.