பயிரைக் காக்க ஒரு துவக்கு: தெரிவும் பொறுப்பும்

மாரி மழை விழுந்து வயல் பச்சை பிடித்துவிட்டால் கமக்காரனின் இரவுத் தூக்கம் போய்விடும். கடன்பட்டு விதைத்து, பசளையிட்டு, களை பிடுங்கி வளர்த்த பயிரை ஒரே இரவில் பன்றிக்கூட்டம் உழுது தள்ளிவிட்டுப் போவது வன்னியிலும் படுவான்கரையிலும் புதினமல்ல. கச்சான், மரவள்ளி, சோளம் என்றால் பன்றிக்கு விருந்து. பகலில் குரங்கும் மயிலும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். 2025ஆம் ஆண்டு மார்ச் 15ஆந் திகதி காலை ஐந்து நிமிடம் ஒதுக்கி, நாடு முழுவதும் தத்தம் காணியில் நின்ற குரங்கையும் மயிலையும் அணிலையும் எண்ணித் தரும்படி அரசாங்கம் மக்களைக் கேட்டது. பிரச்சினை எவ்வளவு பெரிது என்பதற்கு அதுவே சாட்சி.

இந்நிலையில் எமது கிராமங்களில் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்வி உண்டு. “பயிரைக் காக்க ஒரு துவக்கு எடுக்கலாமா? எடுத்தால் எது நல்லது?” கேள்வி நியாயமானது. முப்பது வருடப் போரைக் கண்ட எமக்குத் துவக்கு என்ற சொல்லே கசக்கும். ஆயினும் அதைப் பற்றிப் பேசாமல் விட்டால், பேச்சின்றியே வேலியோரத்தில் கட்டுத்துவக்கு கட்டப்படும். ஆகவே இதை வெளிப்படையாகப் பேசுவதே நன்று.

கட்டுத்துவக்கு: இன்னொரு மிதிவெடி

முதலில் எது கூடாது என்று பார்ப்போம். மிருகம் வரும் தடத்தில் கம்பியோ நூலோ இழுத்து, அதில் கால் பட்டதும் வெடிக்கும்படி வைப்பது கட்டுத்துவக்கு. கட்டியவர் வீட்டில் நித்திரை செய்வார். துவக்கு காட்டில் விழித்திருக்கும். வருவது பன்றியா, மாடா, தேனெடுக்கப் போன மனிதனா என்று அதற்குத் தெரியாது. விறகு பொறுக்கும் பெண்ணும், மாடு சாய்க்கப் போன சிறுவனும் அதற்கு ஒன்றே.

இந்த வெடி பெரும்பாலும் முழங்காலிலும் அதன் கீழும் படுகிறது. ரவையோடு இரும்புத் துண்டு, மண், உடுப்பின் கிழிசல் எல்லாம் காயத்துள் போகும். எலும்பு நொறுங்கி, காயம் சீழ்ப்பிடித்து, காலை வெட்டி எடுக்க நேர்ந்தவர்கள் உண்டு. இரவில், காட்டில், தனியாக விழுந்தவர் இரத்தம் வடிந்தே இறந்துபோவதும் உண்டு. கட்டியவரே மறந்துபோய்த் தன் கம்பியில் கால் வைப்பதும் நடக்கிறது.

மிதிவெடி என்ன செய்யும் என்று எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இலங்கை 2017ஆம் ஆண்டு டிசெம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. கட்டுத்துவக்கும் மிதிவெடியின் தம்பியே. ஒரு பக்கத்தில் மிதிவெடியை அகற்றிக்கொண்டு மறுபக்கத்தில் நாமே அதை விதைக்கலாமா?

பூசணிக்காய்க்குள் வைக்கும் வாய்வெடியும், வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பதும் இதே இனத்தவை. வாய்வெடியைக் கடித்த யானைக்கன்று வாய் சிதைந்து, தின்ன முடியாமல் பல நாள் பட்டினி கிடந்து சாகிறது. இவை யாவும் சட்டவிரோதமானவை. சட்டம் இல்லாவிட்டாலும் இவை பாவமே. குழி தோண்டி மூடாமல் விட்டவன், அதில் விழுந்த அயலவனின் மாட்டுக்கு ஈடு செய்ய வேண்டும் என்று யாத்திராகமம் 21ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. மாட்டுக்கே அப்படியானால் மனிதனுக்கு என்ன கணக்கு?

றைபிளா, சொட்கன்னா?

துவக்கு மனிதனின் கையில், மனிதனின் கண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தெரிவு செய்யலாம்.

றைபிள் தூரம் போகும், குறி தப்பாது என்று பலர் ஆசைப்படுகிறார்கள். அது தூரம் போவதுதான் எமக்கு ஆபத்து. மிகச் சிறிய .22 றைபிளின் குண்டே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ மீற்றர் போகக்கூடியது. .303 போன்ற பெரிய றைபிளின் குண்டு மூன்று கிலோ மீற்றருக்கும் அப்பால் போகும். எமது வயல்கள் தட்டையானவை. குண்டைத் தாங்கி நிறுத்த மலையோ மேடோ இல்லை. வயலுக்கு அப்பால் குளக்கட்டு, அதற்கு அப்பால் அடுத்த கிராமம். பன்றியைத் தவறவிட்ட குண்டு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதனால்தான் இலங்கையில் பயிர்ப் பாதுகாப்புக்கென வழக்கமாக அனுமதிக்கப்படுவது சொட்கன் எனும் ரவைத் துவக்கு. அதிலும் 12ஆம் இலக்கக் குழலே பெருவழக்கு. ஓர் இறாத்தல் ஈயத்தில் அக்குழலின் உள்வாய் அளவான பன்னிரண்டு குண்டு வார்க்கலாம் என்பதே அந்த 12இன் பொருள். உள்வாய் ஏறக்குறைய 18.5 மி.மீ. இதன் சிறு ரவை இருநூறு மீற்றர் சொச்சத்தில் விழுந்துவிடும். பெரிய எஸ்.ஜி. ரவையோ அறுநூறு மீற்றர் வரை போகக்கூடும். சொட்கன் தானே என்று அலட்சியம் கூடாது.

ஒற்றைக்குழலா, இரட்டைக்குழலா? ஒற்றைக்குழல் பாரம் குறைவு, விலை குறைவு, பழுது குறைவு. மடித்துத் திறந்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரியும். ஒரே வெடிதான் என்பதால் நிதானித்துச் சுடவும் பழக்கும். பெரும்பாலான கமக்காரருக்கு இது போதும். இரட்டைக்குழல் நல்லதுதான். ஆனால் ஒரு குழலைச் சுட்டபின் மற்றக் குழலில் தோட்டா இருப்பதை மறந்து நடப்பது விபத்துக்கு வழி. உள்ளூரில் செய்யப்படும் இடியன் துவக்கை எவரும் தொடக்கூடாது. அதன் குழல் எந்த அழுத்தத்தைத் தாங்கும் என்று செய்தவருக்கே தெரியாது. வெடித்தால் சுட்டவரின் கையும் கண்ணும் போகும்.

பழைய துவக்கு வாங்கும்போது

புதிய துவக்குக்கு வசதி எல்லோருக்கும் இல்லை. தந்தை வைத்திருந்ததை மகன் சட்டப்படி தன் பெயருக்கு மாற்றுவதும் உண்டு. எவ்வாறாயினும் கீழ்வருவனவற்றைப் பார்த்தல் அவசியம்.

1. முதலில் திறந்து, தோட்டா இல்லை என்பதை நீங்களே உறுதிசெய்யுங்கள். விற்பவர் சொல் போதாது.

2. குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். வளையம் போன்ற நிழல் தெரிந்தால் அங்கே வீக்கமோ நெளிவோ உண்டு. துரு தின்ற ஆழமான குழி இருந்தாலும் வேண்டாம்.

3. குழலை மூடியபின் அசைத்துப் பாருங்கள். பிணைப்பு ஆடினால் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

4. இரட்டைக்குழலாயின் குழலை மட்டும் கழற்றி, நூலில் தொங்கவிட்டு மெல்லத் தட்டுங்கள். மணி போல் ஒலிக்க வேண்டும். சத்தம் அடைத்திருந்தால் குழல்களின் பற்றாசு விட்டிருக்கலாம்.

5. வெறுந்துவக்கின் குதிரையை ஏற்றி, அடிப்பாகத்தை நிலத்தில் மெல்லக் குத்துங்கள். விசையைத் தொடாமலே குதிரை விழுந்தால் அது ஆளைக் கொல்லும் துவக்கு.

6. குழலின் மேல் மரவரி போலச் சுருள் கோலம் தெரியும் மிகப் பழைய துவக்குகள் உண்டு. அவை கரிமருந்துக் காலத்தவை. இன்றைய தோட்டாவை அவற்றில் போடக்கூடாது.

சந்தேகம் இருப்பின் தகுதியான துவக்குத் திருத்துநரிடம் காட்டாமல் ஒரு வெடியேனும் சுடவேண்டாம்.

ஆளுக்கு ஏற்ற அமைப்பு

துவக்கு சுடுபவரின் உடலுக்குப் பொருந்த வேண்டும். வெறுந்துவக்கைப் பிடித்துக் கண்ணை மூடி, தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்து, கண்ணைத் திறவுங்கள். முனையில் உள்ள குறிமணி குழலின் நடுவில் நேராகத் தெரிந்தால் பொருத்தம் சரி. கட்டை நீண்டிருந்தால் தூக்கும்போது கமக்கட்டில் இடறும். குறுகியிருந்தால் வெடிக்கையில் பெருவிரல் மூக்கில் அடிக்கும். நீளமானதை அறுத்துக் குறைக்கலாம், குறைந்ததற்கு றப்பர் அடி பூட்டலாம். ஆனால் குழலை ஒருபோதும் வெட்டக்கூடாது. அது சட்டப்படி பெருங்குற்றம்.

இரவில் தெரிவதற்குக் குறிமணியில் ஒரு பொட்டு வெள்ளைப் பூச்சு வைத்தால் போதும். தோளில் மாட்ட ஒரு வார் இருந்தால் வரம்பில் சறுக்கும்போது கை காலியாக இருக்கும். வேறு அலங்காரம் எதுவும் தேவையில்லை.

தோட்டாவின் நீளம் குழலில் பொறித்துள்ள அளவுக்குச் சரியாக இருக்கட்டும். 65 மி.மீ. அறையுள்ள பழைய துவக்கில் 70 மி.மீ. தோட்டா உள்ளே போகும். ஆனால் வெடிக்கையில் அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். 20ஆம் இலக்கத் தோட்டாவை 12ஆம் இலக்கத் தோட்டாவோடு ஒரே பையில் வைக்கக்கூடாது. அது குழலுக்குள் வழுக்கிப் போய் இறுகி நிற்கும். அதன் பின்னால் 12ஐப் போட்டுச் சுட்டால் குழல் பிளக்கும். மஞ்சள் நிறத்தில் 20ஐச் செய்வது இதற்காகவே.

பன்றிக்கு எஸ்.ஜி. என்பது வழக்கம். ஒரு ரவை 8.4 மி.மீ., ஒரு தோட்டாவில் ஒன்பது அளவில் இருக்கும். இருபத்தைந்து, முப்பது மீற்றருக்கு அப்பால் அவை சிதறி, பன்றி காயத்தோடு ஓடும். காயப்பட்ட பன்றி மறுநாள் புல் வெட்டப் போகிறவரைக் கிழிக்கும். ஆகவே அனுமதி பெற்ற பாதுகாப்பான இடத்தில், மண்மேட்டின் முன் கடதாசி கட்டி, உங்கள் துவக்கு எந்தத் தூரம் வரை ரவையைச் சேர்த்துப் போடுகிறது என்று அறிந்துகொள்ளுங்கள். அந்தத் தூரமே உங்கள் எல்லை.

வயலில்

டோர்ச் வெளிச்சத்தில் இரண்டு கண் மின்னுவது போதாது. மாட்டின் கண்ணும் நாயின் கண்ணும் மின்னும். முழு உருவம் தெரிய வேண்டும், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். அயல் காவலர்கள் எந்தக் கொட்டிலில் இருக்கிறார்கள் என்று பொழுதுபடுமுன் பேசி வையுங்கள். வேலி கடக்கும்போதும் பரணில் ஏறும்போதும் தோட்டாவைக் கழற்றுங்கள். குழல் சேற்றில் குத்திவிட்டால் திறந்து, தோட்டாவை எடுத்து, துப்புரவாக்கும் வரை சுடவேண்டாம். குடித்தவர் கையில் துவக்கு இருக்கவே கூடாது.

யானைக்கு இது ஆயுதமல்ல. ரவை யானையைக் கொல்லாது, புண்ணாக்கி மூர்க்கமாக்கும். 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட யானைகளும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மனிதரும் இம்மோதலில் இறந்தனர். யானைக்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் யானைவெடியும், துடிப்பு முறையில் இயங்கும் முறையான மின்வேலியுமே வழி.

வீட்டில்

பயிர் வெட்டியபின் வருடத்தின் பெரும்பகுதி துவக்கு வீட்டில்தான் இருக்கும். அப்போதே அது கூடுதல் ஆபத்து. தோட்டா வேறு பெட்டியில், துவக்கு வேறு பெட்டியில், இரண்டுக்கும் பூட்டு. திறப்பு பொறுப்பானவரிடம் மட்டும். கூரை வளையில் செருகி வைப்பது பாதுகாப்பல்ல. அதைப் பிள்ளைகள் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1995இல் எமது நாட்டில் இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை நடந்தது. அவ்வருடம் தொடங்கி மிகக் கொடிய கிருமிநாசினிகள் தடைசெய்யப்பட்டன. பத்து வருடத்தில் அத்தொகை ஏறக்குறையப் பாதியானது. மனவேதனையின் அந்த ஒரு மணி நேரத்தில் கொல்லும் பொருள் கைக்கெட்டாதிருந்தால் உயிர் தப்புகிறது என்பதே பாடம். கடனும் சோர்வும் உள்ள வீட்டில் துவக்குக்குப் பூட்டு, நஞ்சுப் போத்தலுக்குப் பூட்டைவிட அவசியம். வீட்டில் ஒருவர் மனம் உடைந்திருந்தால் துவக்கை உடனே பொலிஸாரிடம் பாதுகாப்பாக ஒப்படைப்பது வெட்கமல்ல, அன்பு.

அனுமதியும் கூட்டுப் பொறுப்பும்

1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இன்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றம். 1996இன் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். காணி உறுதி, பயிர்ச்சேத விபரம் ஆகியவற்றோடு கிராம அலுவலரை முதலில் நாடி, கமநல சேவை நிலையம், பிரதேச செயலகம், பொலிஸ் வழியாக மாவட்டச் செயலகத்துக்குச் செல்லுங்கள். நடைமுறைகள் காலத்துக்குக் காலம் மாறுவதால் விண்ணப்பிக்குமுன் அங்கேயே விசாரிப்பது நல்லது.

வயலுக்கு ஒரு துவக்கு தேவையில்லை. ஒரு கண்டத்துக்கு அனுமதி பெற்ற, பொறுப்பான ஒருவரிடம் ஒன்று இருந்தால் போதும். அனுமதிப்பத்திரத்தில் பெயருள்ளவர் மட்டுமே அதைக் கையாளலாம். மற்றவர்கள் வேலியடைக்கலாம், முறைவைத்துக் காவலிருக்கலாம், தகரம் தட்டலாம், வேலியோரப் பற்றைகளை வெட்டிப் பன்றி ஒதுங்கும் இடத்தைக் குறைக்கலாம். இவையெல்லாம் தவறியபின்னரே துவக்கு.

கமக்காரர் அமைப்பின் அடுத்த கூட்டத்தில் இரண்டு தீர்மானம் எடுங்கள். ஒன்று, இந்தப் போகத்துக்கான காவல் முறை. மற்றது, எமது கிராம எல்லைக்குள் ஒரு கட்டுத்துவக்குக்கூட இருக்காது என்பது. எங்கேனும் கட்டியிருப்பதை அறிந்தவர் தாமே தொடாமல், ஆட்களை விலக்கிவிட்டு, பொலிஸாருக்கு அறிவிக்கட்டும். அழிந்த பயிரை அடுத்த போகம் விதைக்கலாம். போன காலை எந்த மழையும் முளைக்க வைக்காது.