உறுமாத பவர் சப்ளை

பரணில் கிடந்த இசைத்தட்டுகளை இறக்கித் துடைத்து, பழைய டர்ன்டேபிள் ஒன்றைத் தேடிப்பிடித்து, அதற்கு வேண்டிய போனோ பிரீஆம்ப்ளிஃபயரைத் தங்கள் கையாலேயே செய்துகொள்கிறவர்கள் இன்றும் உண்டு. எல்லாம் பூட்டி முடித்து சுவிட்சைப் போட்டால், பாட்டுக்கு முன்னால் ஸ்பீக்கரில் ஓர் உறுமல் வந்து நிற்கும். பழி உடனே பவர் சப்ளை மேல் விழும். "ரெகுலேட்டரை மாற்று, இன்னும் பெரிய கெப்பாசிட்டராகப் போடு" என்று பார்க்கிறவர்களெல்லாம் சொல்வார்கள். நோய் இருக்கும் இடம் பெரும்பாலும் அதுதான். சொல்கிற மருந்துதான் தப்பு.

மற்ற ஆம்ப்ளிஃபயர்களுக்கு இல்லாத இந்தத் தொல்லை இதற்கு மட்டும் ஏன்? மூவிங் மேக்னட் வகைக் கார்ட்ரிட்ஜின் ஊசி தட்டில் ஓடும்போது கிடைப்பது சுமார் 5 மில்லிவோல்ட். அதை நூறு மடங்கு பெருக்கினால்தான் அரை வோல்ட் ஆகும். அதோடு முடியவில்லை. கீழ்ச்சுருதி ஒலிகளை உள்ளபடியே தட்டில் வெட்டினால் பள்ளம் அகலமாக வளைந்து பக்கத்துப் பள்ளத்தில் போய் முட்டும். அதனால் அவற்றை அடக்கியும், உச்ச ஒலிகளைத் தூக்கியும் பதிகிறார்கள். எவ்வளவு அடக்குவது, எவ்வளவு தூக்குவது என்று அமெரிக்காவின் ஒலிப்பதிவுத் தொழில் சங்கமான ஆர்ஐஏஏ 1954-ல் வகுத்த அளவுதான் பிறகு உலகப் பொதுவழக்கானது. கேட்கும்போது இதைத் தலைகீழாக்கிச் சரிசெய்வது பிரீஆம்ப்ளிஃபயரின் வேலை. ஆகவே 1000 ஹெர்ட்ஸ் ஒலியை நூறு மடங்கு பெருக்குகிற அதே சர்க்யூட், 50 ஹெர்ட்ஸைச் சுமார் எழுநூறு மடங்கு பெருக்குகிறது. நம் வீட்டு மின்சாரமும் அதே 50 ஹெர்ட்ஸ்தான். எது வரக்கூடாதோ அதைத் தேடிப்பிடித்துப் பெரிதாக்கும் கருவி இது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உறுமல் பாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்றால், வெளியே அரை மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எழுநூறால் வகுத்தால், உள்ளே நுழைகிற உறுமல் 0.7 மைக்ரோவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சர்க்யூட். என்இ 5532 ஐசி இரண்டை வைத்துக் கட்டிய ஸ்டீரியோ பிரீஆம்ப்ளிஃபயரை எடுத்துக்கொள்வோம். அதற்கு பிளஸ் 15, மைனஸ் 15 என இரண்டு வோல்டேஜ் வேண்டும். 15-0-15 டிரான்ஸ்பார்மர், நான்கு டயோடு கொண்ட பிரிட்ஜ், பக்கத்துக்கு ஒரு 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ரெகுலேட்டராக பிளஸ் பக்கம் எல்எம் 317, மைனஸ் பக்கம் எல்எம் 337. இவ்வளவுதான். டயோடு வழியாக மின்சாரம் தொடர்ந்து வருவதில்லை. நொடிக்கு நூறு தடவை, விட்டு விட்டு, வேகமாகப் பாய்கிறது. கெப்பாசிட்டர் மாடித் தொட்டி மாதிரி: மோட்டார் கொஞ்ச நேரமே ஓடினாலும் குழாயில் எப்போதும் தண்ணீர் வரும்.

தொட்டியின் மட்டம் ஏறி இறங்கத்தான் செய்யும். ரெகுலேட்டருக்கு வேண்டியதையும் சேர்த்து 30 மில்லிஆம்பியர் இழுத்தால், 2200 மைக்ரோஃபாரடில் இந்த ஏற்ற இறக்கம் 0.14 வோல்ட்டுக்குள் அடங்கும். எல்எம் 317-இன் அட்ஜஸ்ட் காலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 மைக்ரோஃபாரட் போட்டால், ரெகுலேட்டர் அதைச் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்காக்கும். மீதி 14 மைக்ரோவோல்ட். அதையும் 5532 தன் பங்குக்கு இன்னொரு லட்சத்தில் ஒன்றாக நசுக்கிவிடும். நமக்கு வேண்டிய 0.7 மைக்ரோவோல்ட் எல்லைக்கு இது பல்லாயிரம் மடங்கு கீழே. 1970-களில் வந்த சில ரூபாய் ஐசி இந்த வேலையை எப்போதோ முடித்துவிட்டது. பல ஆயிரம் கொடுத்து 'ஆடியோ கிரேடு' ரெகுலேட்டர் வாங்குவது, என் பார்வையில், இல்லாத நோய்க்கு மருந்து.

அப்படியானால் உறுமல் எங்கிருந்து வருகிறது? வெறும் செம்புக் கம்பியிலிருந்து.

இரண்டு கெப்பாசிட்டர்களையும் நடுவில் இணைக்கும் கம்பியைக் கவனியுங்கள். சராசரி 30 மில்லிஆம்பியர்தான் என்றாலும், டயோடு திறக்கும் அந்தச் சிறு நேரத்தில் அதில் 200 மில்லிஆம்பியர் வரை பாயலாம். அரை சதுர மில்லிமீட்டர் கனமுள்ள கம்பி 10 சென்டிமீட்டர் நீளம் இருந்தால் அதன் தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் மூன்று பங்குக்குச் சற்று மேல். ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் 200 மில்லிஆம்பியர் பாயும்போது கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே 0.7 மில்லிவோல்ட் எழும். நம் எல்லை 0.7 மைக்ரோவோல்ட், இது அதைப்போல் ஆயிரம் மடங்கு. இந்தக் கம்பியின் ஒரு முனையில் இன்புட்டின் கிரவுண்டையும் மறு முனையில் சர்க்யூட்டின் கிரவுண்டையும் இணைத்தால், அத்தனையும் பாட்டோடு சேர்ந்து உள்ளே போய்விடும். எந்த ரெகுலேட்டராலும் இதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் இது ரெகுலேட்டர் வழியாக வருவதே இல்லை.

பரிகாரம் எளிது. இரண்டு கெப்பாசிட்டர்களையும் ஒட்டி வைத்து, குட்டையான, தடித்த கம்பியால் இணையுங்கள். டிரான்ஸ்பார்மரின் நடுக்கம்பி அங்கே வந்து முடியட்டும். அங்கிருந்து ஒரே ஒரு கம்பி தனியாக ஒரு புள்ளிக்குப் போகட்டும். ரெகுலேட்டர், போர்டு, இன்புட் எல்லாவற்றின் கிரவுண்டும் அந்தப் புள்ளிக்குத் தனித்தனியாக வந்து சேர வேண்டும்.

உறுமல் உள்ளே நுழையும் இரண்டாவது வழி காந்தப்புலம். டிரான்ஸ்பார்மரைச் சுற்றி எப்போதும் கொஞ்சம் காந்தம் கசியும். கார்ட்ரிட்ஜோ அடிப்படையில் காந்த மாறுதலைப் பிடிக்கும் ஒரு காயில். வட்ட வடிவ டொராய்டு கசிவு குறைவானது, விலை அதிகம். அதைவிட மலிவான வழி தூரம். இடைவெளியை இரட்டித்தால் புலம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகும். பவர் சப்ளையைத் தனிப் பெட்டியில் வைத்து, ஒரு மீட்டர் மூன்று கோர் கேபிளில் டிசி மட்டும் கொண்டுவாருங்கள். பெட்டி மேஜைக்குக் கீழே கிடக்கட்டும்.

எது குற்றவாளி என்று காதாலேயே ஓரளவு சொல்லலாம். மென்மையான, ஆழமான 'ம்ம்' என்றால் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ்: டிரான்ஸ்பார்மரின் காந்தம், அல்லது டர்ன்டேபிளின் எர்த் கம்பி விட்டுப்போயிருக்கிறது. கரகரவென்று 'ர்ர்ர்' என்றால் கிரவுண்டு கம்பி போகும் பாதையைச் சந்தேகியுங்கள். ஆர்சிஏ பிளக் ஒன்றின் நடுமுனையையும் வெளிவளையத்தையும் சால்டர் வைத்து இணைத்து இன்புட்டில் செருகிப் பாருங்கள். உறுமல் நின்றால் கோளாறு பெட்டிக்கு வெளியே.

மாலையில் வோல்டேஜ் 180-க்கு இறங்கும் பகுதியில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்போது 15-0-15 டிரான்ஸ்பார்மரில் கெப்பாசிட்டரில் 16 வோல்ட்கூடத் தேறாது. ரெகுலேட்டர் கைவிரித்துவிடும், உறுமலும் திரும்பும். இங்கே மட்டும் குற்றம் உண்மையிலேயே ரெகுலேட்டர் பக்கம். 18-0-18 வாங்குங்கள், கெப்பாசிட்டர் 50 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும்.

பூட்டும்போது ஒரு கண்ணி உண்டு. எழுத்துள்ள பக்கம் நம்மைப் பார்க்க வைத்தால், எல்எம் 317-இன் கால்கள் இடமிருந்து வலமாக அட்ஜஸ்ட், அவுட்புட், இன்புட். எல்எம் 337-க்கு அட்ஜஸ்ட், இன்புட், அவுட்புட். உலோக முதுகும் ஒன்றில் அவுட்புட், மற்றதில் இன்புட். இரண்டையும் மைக்கா இல்லாமல் ஒரே அலுமினியத் துண்டில் முடுக்கினால் பிளஸ்ஸும் மைனஸும் நேராக ஷார்ட் ஆகும். இந்த மின்னோட்டத்துக்கு ஹீட் சிங்கே தேவையில்லை. வைக்காமல் விடுவது நல்லது.

230 வோல்ட் வரும் பக்கத்தில் ஃபியூஸ் கட்டாயம், உலோகப் பெட்டிக்கு எர்த் கட்டாயம், ஒவ்வோர் இணைப்பின் மேலும் ஸ்லீவ் கட்டாயம். முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது 5532 ஐசிகளைச் சாக்கெட்டில் செருகாதீர்கள். மீட்டரில் பிளஸ் 15, மைனஸ் 15 இரண்டும் சரியாக வருகிறதா என்று பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி, மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை காத்திருந்து, அதன் பிறகு ஐசியைச் செருகுங்கள்.